கடவுச்சொல்லும் கணையாழியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

வீட்டுக் கதவுக்குப் பூட்டு, பெட்டிக்குத் திறவுகோல், கணினிக்கும் கைப்பேசிக்கும் கடவுச்சொல். ‘நான் இன்னார்’ என்று ஒருவர் கூறும்போது உயிரற்ற பொறி அதனை எவ்வாறு நம்புகிறது? இவ்வினாவுக்கு விடை காண ஆய்வாளர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகின்றனர். அவ்வாய்வுகள் கண்ட உண்மைகளையும், நீலகிரியில் கொழுந்து பறிக்கும் தொழிலாளியின் வாழ்வோடு அவை கொண்டுள்ள தொடர்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஊதிய நாள் வரிசை

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் முதலிய ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலைச் செடிகள் பச்சைக் கம்பளம்போல் விரிந்து கிடக்கின்றன. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். முற்காலத்தில் இத்தொழிலாளர்களுக்கு ஊதியம் பணமாகவே வழங்கப்பட்டது. கணக்கப்பிள்ளை பெயரைச் சொல்லி அழைப்பார். உரியவர் முன்வந்து பெற்றுக்கொள்வார். அழைப்பவர்க்கு வந்தவரின் முகம் தெரியும். அவருடைய குடும்பமும் தெரியும். ‘நீர் யார்’ என்னும் வினாவுக்கு அங்கே இடமே இல்லை.

இன்று ஊதியம் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. அதனைப் பெறுவதற்குத் தானியங்கிப் பணப்பொறியின் முன் வரிசையில் நிற்க வேண்டும். பொறிக்கு முகம் தெரியாது. அது அட்டையைக் கேட்கும். பின்னர் நான்கு இலக்கங்களைக் கேட்கும். எழுத்தறியாத முதிய தொழிலாளி ஒருவர், திரையில் தோன்றும் சொற்களைப் படிக்க இயலாமல், அட்டையையும் இலக்கங்கள் எழுதிய தாளையும் அருகில் நிற்கும் இளைஞரிடம் நீட்டுவது பல ஊர்களிலும் காணக்கூடிய காட்சியே. உதவுபவர் பெரும்பாலும் நல்லவராகவே இருப்பார். ஆயினும், அந்தத் தாள் கைமாறும் கணத்தில் ஒரு மாத உழைப்பின் பயனும் பிறர் கைக்குள் சென்றுவிடுகிறது.

‘கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறக் கூடாது’ என்பது அனைவரும் அறிந்த அறிவுரை. அதனை மீறிய அந்த மூதாட்டியிடம்தான் குற்றம் உள்ளதா? அல்லது அவரால் பயன்படுத்த இயலாத பூட்டை அவர் கையில் கொடுத்தவர்களிடம் உள்ளதா? கடவுச்சொல் பற்றிய அறுபதாண்டு ஆய்வு வரலாறு இவ்வினாவை நோக்கியே நடந்து வந்திருக்கிறது.

கணையாழி கூறும் உண்மை

ஒருவர் தம்மை இன்னார் என மெய்ப்பிப்பதை ‘அடையாள உறுதிப்பாடு’ என்பர். சொல் புதிதே அன்றிப் பொருள் புதிதன்று. கம்பராமாயணத்தின் கிட்கிந்தா காண்டத்தில், சீதையைத் தேடப் புறப்படும் அனுமனிடம் இராமன் மூன்றினை அளிக்கிறான். முதலாவது, சீதையின் உருவ அடையாளங்கள். முன்பின் பார்த்திராத சீதையை இலங்கையில் அனுமன் அறிந்துகொள்ள அவை வேண்டும். இரண்டாவது, இராமனும் சீதையும் மட்டுமே அறிந்த சில நிகழ்ச்சிகள். காட்டுக்குப் புறப்பட்ட அன்று, நகர வாயிலைக் கடப்பதற்கு முன்பே காடு எங்குள்ளது எனச் சீதை வினவியதும் அவற்றுள் ஒன்று. மூன்றாவது, இராமனின் கணையாழி.

அசோகவனத்தில் இருந்த சீதை, துறவி வேடத்தில் வந்தவனால் ஒருமுறை வஞ்சிக்கப்பட்டவள். வந்தவன் இராமனின் தூதனே என்பதற்கு அவளுக்குச் சான்று தேவைப்பட்டது. அனுமன் கூறிய செய்திகளும் காட்டிய கணையாழியுமே அவளுக்கு அந்தச் சான்றாயின. அவளும் தன் பங்குக்குச் சூடாமணியை அளித்து, இராமன் மட்டுமே அறிந்த காக்கையின் நிகழ்ச்சியையும் அனுமனிடம் சொல்லி அனுப்பினாள்.

இன்றைய கணினியியல், அடையாள உறுதிப்பாட்டின் வழிகளை மூன்றாக வகுக்கிறது. ஒருவர் அறிந்திருப்பது, ஒருவர் கையில் வைத்திருப்பது, ஒருவர் உடலோடு அமைந்தது என்பன அவை. கடவுச்சொல் முதல் வகை. வங்கி அட்டை இரண்டாம் வகை. விரல்ரேகையும் கருவிழியும் மூன்றாம் வகை. ஒன்று தவறினும் மற்றொன்று காக்கும் என்பதால் இரண்டினை இணைத்துக் கேட்பது வழக்கமாயிற்று. இணையத்தில் அட்டை வழியாகப் பணம் செலுத்துவோர் அட்டை விவரத்துடன் மற்றுமோர் உறுதிப்பாட்டையும் தர வேண்டும் என்னும் விதியை இந்திய ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் நாட்டில் பரவியதற்கு இவ்விதி ஒரு முதன்மைக் காரணமாகும்.

முதல் பூட்டும் முதல் கசிவும்

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், பெர்னாண்டோ கார்பட்டோ தலைமையிலான குழு, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை இயக்கிக் காட்டியது. ஒருவருடைய கோப்புகளை மற்றவர் காணாதிருக்க ஒவ்வொருவர்க்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. கணினி உலகின் முதல் கடவுச்சொற்களுள் இவை அடங்கும்.

பூட்டு வந்த வேகத்தில் கசிவும் வந்தது. ஆலன் ஷெர் அங்கு முனைவர் பட்டத்திற்காக ஆய்வு செய்துகொண்டிருந்தவர். தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் ஆய்வுக்குப் போதாமையால், 1962-இல் அவர் ஒரு வழியைக் கண்டறிந்தார். கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியே கணினிக்கு ஆணையிட்டார். கணினியும் மறுக்காமல் அச்சிட்டுத் தந்தது. இதனைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படுத்தினார். பின்னர் ஒருமுறை, இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம்மாறியதால், கணினியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்கு மாறாக அனைவரின் கடவுச்சொற்களும் திரையில் தோன்றின.

இந்நிகழ்ச்சிகள் ஒரு பாடத்தைக் கற்பித்தன. கடவுச்சொல்லை உள்ளவாறே எழுதி வைத்திருக்கும் கோப்பு என்றேனும் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். அவ்வாறு வெளிப்பட்டாலும் தீங்கு நேராத வகையில் அதனை எப்படிச் சேமிப்பது? இதுவே ஆய்வாளர் முன் நின்ற முதல் பெரும் வினா.

கொழுந்தும் தூளும்

இதற்கான விடையைக் குன்னூரின் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றினுள் நுழைந்து புரிந்துகொள்ளலாம். பறித்த கொழுந்து அங்கே வாட்டப்படுகிறது, நசுக்கி முறுக்கப்படுகிறது, நொதிக்க விடப்படுகிறது, உலர்த்திச் சலிக்கப்படுகிறது. நான்கு கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான பசுங்கொழுந்து ஒரு கிலோ தூளாகிறது. கொழுந்தைத் தூளாக்கலாம், தூளை மீண்டும் கொழுந்தாக்க எவராலும் இயலாது.

கணிதத்திலும் இத்தகைய ஆலைகள் உண்டு. அவற்றை ‘ஒருவழிச் சார்பு’ என்பர். ஒரு சொல்லை அதனுள் இட்டால் நீண்டதோர் எண்ணாக வெளிவரும். ஒரே சொல்லை எத்தனை முறை இட்டாலும் அதே எண்ணே வரும். எண்ணைக் கொண்டு சொல்லை மீட்பது நடைமுறையில் இயலாது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ரோஜர் நீதம் முதலியோர் 1960-களின் பிற்பகுதியில் இக்கருத்தைக் கடவுச்சொல்லுக்குப் பயன்படுத்தினர். அதன்படி, கணினி கடவுச்சொல்லைச் சேமிப்பதில்லை. அதன் ‘தூளை’ மட்டுமே சேமிக்கிறது. பயனர் மீண்டும் வரும்போது, அவர் தட்டச்சு செய்ததையும் அதே ஆலையில் இட்டு, வெளிவந்த தூளைப் பழைய தூளோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒத்திருந்தால் கதவு திறக்கிறது. கோப்பு களவு போனாலும் கள்வன் கையில் கிடைப்பது தூள் மட்டுமே.

ஆயினும் கள்வனும் சிந்திப்பான். மக்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் சொற்களையெல்லாம் அவனே ஆலையில் இட்டுத் தூளாக்கி முன்கூட்டியே பட்டியலிட்டு வைப்பான். களவாடிய தூளைப் பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லைக் கண்டுபிடிப்பான். இதனைத் தடுக்க ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஓர் எளிய வழியை விளக்கினர். ஒவ்வொரு பயனரின் சொல்லோடும் குறிப்பின்றித் தேர்ந்த ஓர் எண்ணைக் கலந்து ஆலையில் இடுவதே அது. அவ்வெண்ணுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘உப்பு’. ஒரே சொல்லை இருவர் தேர்ந்திருந்தாலும் உப்பு வேறாதலால் தூளும் வேறாகும். அன்றைய முறையில் ஒரு சொல் 4096 வெவ்வேறு வடிவங்களைப் பெற முடிந்தது. எனவே, கள்வனின் பட்டியலும் அத்தனை மடங்கு பெருக வேண்டியதாயிற்று.

கணினிகள் விரைவு பெற்றபோது ஆலையையே வேண்டுமென்று மெதுவாக ஓடச் செய்யும் உத்தி பிறந்தது. உரிய பயனர் ஒருமுறை நுழைவதற்கு நொடியின் ஒரு சிறு பகுதி தாமதமாவது பொருட்டன்று. கோடிக்கணக்கான சொற்களை முயன்று பார்க்கும் கள்வனுக்கோ அந்தச் சிறு தாமதமே பெருந்தடையாகும்.

மனிதர் தேர்ந்த சொல்

ஆலை உறுதியானது. அதில் இடப்படும் கொழுந்து எத்தகையது? மோரிசும் தாம்சனும் இதனையும் ஆராய்ந்தனர். தாங்கள் திரட்டிய 3289 கடவுச்சொற்களுள் ஏறத்தாழ 86 விழுக்காடு, மிகக் குறுகியவையாகவோ அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் காணப்படுபவையாகவோ இருக்கக் கண்டனர். 2009-இல் ராக்யூ என்னும் அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் களவு போயிற்று. 3.2 கோடிக் கடவுச்சொற்கள் தூளாக்கப்படாமல் உள்ளவாறே அதில் கிடந்தன. அவற்றுள் மிகுதியானோர் தேர்ந்திருந்தது 123456 என்பதாகும். முப்பது ஆண்டுகளில் பொறிகள் மாறின. மனித இயல்பு மாறவில்லை.

இவ்வியல்பை அளந்து காட்டியது ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜோசப் போனோ 2012-இல் அதனை அளித்தார். யாகூ நிறுவனத்தின் ஒப்புதலோடு, ஏறத்தாழ ஏழு கோடிப் பயனர்களின் கடவுச்சொற்கள் எவ்வாறு பரவியுள்ளன என்பதை அவர் ஆராய்ந்தார். எவருடைய கடவுச்சொல்லையும் அவர் கண்ணால் காணவில்லை. சொற்களை மறைத்து, எச்சொல் எத்தனை முறை வருகிறது என்னும் எண்ணிக்கையை மட்டும் பெறும் வகையில் ஆய்வை அமைத்திருந்தார். பிறர் மறையைக் காப்பது பற்றிய ஆய்வு, பிறர் மறையைத் திறவாமலே நடந்தது என்பது ஆய்வறத்திற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அவர் கண்ட முடிவுகள் எளியவை அல்ல. கோப்பைக் களவாடித் தன் கணினியில் வைத்துப் பொறுமையாக முயலும் கள்வனுக்கு எதிராக, மனிதர் தேர்ந்த கடவுச்சொல் ஏறத்தாழ 20 இருமிகள் அளவு வலிமையையே தருகிறது. அதாவது, குலுக்கல் முறையில் தேர்ந்த ஆறிலக்க எண் தரும் வலிமைக்கு அது நிகராகும். வெவ்வேறு மொழி பேசுவோரும் ஏறத்தாழ ஒரே வகையான எளிய சொற்களையே நாடுகின்றனர் என்பதும் அவ்வாய்வால் தெரியவந்தது. எனவே, ‘நம் ஊர்த் தெய்வத்தின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து எழுதினால் எவர் அறிவார்’ என்று எண்ணுவது ஏற்புடையதன்று. நம்மைப் போலவே எண்ணுவோர் பலர் உள்ளனர் என்பதே கள்வனின் துணிவு.

பண அட்டையின் நான்கு இலக்க எண்ணுக்கும் இது பொருந்தும். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் வாய்ப்புகள் இருந்தும் பலர் தம் பிறந்த நாளையே தேர்கின்றனர். பிறந்த நாள் குறித்த அடையாளச் சான்றுடன் களவு போகும் பணப்பைகளில், 11 முதல் 18 பைகளுக்கு ஒன்று வீதம் அட்டையின் எண்ணை ஊகித்துவிட இயலும் எனப் போனோவும் அவர்தம் உடனாய்வாளர்களும் மதிப்பிட்டுள்ளனர்.

தெரியுமா?

பணப்பொறியின் மறைஎண் நான்கு இலக்கமாக இருப்பது ஏன்? 1967 ஜூன் 27 அன்று இலண்டனை அடுத்த என்பீல்டில் பார்க்ளேஸ் வங்கியின் பணப்பொறி செயல்படத் தொடங்கியது. அதனை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன், இந்தியாவின் மலைநகரான ஷில்லாங்கில் பிறந்தவர். ஆறிலக்க எண்ணே அவர் முதலில் கருதியது. தம்மால் நான்கு இலக்கங்களையே நினைவில் வைக்க இயலும் என்று அவருடைய துணைவியார் கூறியதால் எண்ணைக் குறைத்ததாக அவர் பின்னாளில் தெரிவித்தார்.

உடைத்து உறுதி செய்யும் ஆய்வு

பாலம் கட்டுபவர் அதன்மீது சுமையேற்றிச் சோதிப்பார். பாதுகாப்பு முறைகளை ஆராய்பவரோ அவற்றை உடைத்துப் பார்த்துச் சோதிக்கிறார். ஒருவர் ஒரு முறையை முன்வைப்பார். மற்றொருவர் அதன் குறையைக் காட்டுவார். மூன்றாமவர் அதனைத் திருத்துவார். இத்துறையில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வோர் தம் முறையை வகுப்பதோடு நில்லாமல், எந்தெந்தத் தாக்குதலை அது தாங்கும் என்பதையும் மெய்ப்பித்தல் வேண்டும்.

கடவுச்சொல் கம்பியின் வழியே செல்லும்போது ஒட்டுக்கேட்கப்பட்டால் என்ன செய்வது என்னும் வினாவுக்கு, லெஸ்லி லாம்போர்ட் 1981-இல் விடை கூறினார். ஒருவழிச் சார்பை அடுத்தடுத்துப் பலமுறை செலுத்திச் சங்கிலி போன்ற எண் தொடரை உருவாக்கி, அதனைப் பின்னிருந்து ஒவ்வொன்றாகப் பயன்படுத்துவது அவர் வழி. ஒருமுறை சென்ற எண் மறுமுறை செல்லாது. ஆகவே ஒட்டுக்கேட்டவனுக்குப் பயனில்லை. 1992-இல் ஸ்டீவன் பெல்லோவின், மைக்கேல் மெரிட் ஆகியோர் மேலும் ஒரு படி சென்றனர். இருவர் பகிர்ந்துகொண்ட சொல் எளியதாக இருப்பினும், நடுவில் கேட்பவன் அதனைத் தன் இடத்தில் வைத்து ஊகிக்க வழியின்றி அவர்கள் உறவாட இயலும் என்பதை மெய்ப்பித்தனர்.

இந்தியாவிலும் இவ்வாய்வு தழைத்தது. ஐதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த மாணிக் லால் தாஸ், அசுதோஷ் சக்சேனா, வேத் குலாட்டி ஆகியோர் 2004-இல் ஒரு முறையை வெளியிட்டனர். பயனரின் அடையாளமும் ஒவ்வொரு முறையும் மாறித் தோன்றுவது அதன் சிறப்பு. அடுத்து வந்த ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வாளர்கள் அதன் குறைகளைச் சுட்டிக் காட்டித் திருத்தங்களை முன்வைத்தனர். இதனைத் தோல்வி எனக் கருதலாகாது. மறைத்து வைத்த முறையைக் காட்டிலும், அனைவர் முன்னும் வைத்துச் சோதிக்கப்பட்ட முறையே நம்பத்தக்கது என்பது இத்துறையின் அடிப்படை.

பிழை பொறுக்கும் பூட்டு

நெடுங்காலம் ஆய்வாளர் கள்வனையே நோக்கினர். பூட்டின் முன் நிற்கும் உரியவரையும் நோக்க வேண்டும் என்னும் எண்ணம் மெல்லவே வளர்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த ராகுல் சட்டர்ஜி, தம் உடனாய்வாளர்களுடன் 2016-இல் வெளியிட்ட கட்டுரை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் துணையோடு நிகழ்ந்த அவ்வாய்வில், எவருடைய கடவுச்சொல்லும் பதிவு செய்யப்படவில்லை. பிழைகளின் எண்ணிக்கை மட்டுமே கணக்கிடப்பட்டது. நுழைய முயன்று தோல்வியுற்றவற்றுள் ஏறத்தாழ 10 விழுக்காடு, பெரிய எழுத்துக்குச் சிறிய எழுத்தைத் தட்டுவது போன்ற சிறு பிழைகளால் தோல்வியடைவது தெரியவந்தது. அச்சிறு பிழைகளுள் சிலவற்றைக் கணினியே பொறுத்துத் திருத்திக்கொண்டால் மேலும் 3 விழுக்காட்டினர் வெற்றியுடன் நுழைவர் என்றும், பாதுகாப்பு பெரிதும் குறையாத வகையில் அதனைச் செய்ய இயலும் என்றும் அவர்கள் காட்டினர்.

விதிகளும் மாறின. எண்ணும் குறியீடும் கலந்த கடவுச்சொல் வேண்டும், அதனை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்னும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு, அமெரிக்கத் தரநிலை நிறுவனம் 2004-இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு காரணமாகும். அதனை எழுதிய பில் பர், தாம் கூறியவற்றுள் பலவற்றுக்காக வருந்துவதாக 2017-இல் தெரிவித்தார். மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டினர். கடினமாக்கச் சொன்னால் தாளில் எழுதி வைத்தனர். அதே ஆண்டு திருத்தி வெளியிடப்பட்ட வழிகாட்டி, காரணமின்றிக் கடவுச்சொல்லை மாற்றுமாறு வற்புறுத்த வேண்டா என்றது. கலப்பைக் காட்டிலும் நீளமே நன்று என்றும், பலரும் அறிந்த எளிய சொற்களை அமைப்பே மறுத்துவிட வேண்டும் என்றும் அது கூறியது. பயனர் தோள்மேல் இருந்த சுமையின் ஒரு பகுதி அமைப்பை உருவாக்குவோர் தோளுக்கு மாறியது.

மலைச்சரிவில் ஒரு சோதனை

பாதுகாப்பு முறை ஒன்று ஆய்வுக்கூடத்தில் வெல்வது எளிது. நீலகிரியின் ஒரு தோட்டக் குடியிருப்பில் அது வெல்லுமா என்பதே உண்மையான சோதனை.

உடலோடு அமைந்த விரல்ரேகையை மறக்க இயலாது. ஆகவே அதுவே சிறந்தது எனத் தோன்றலாம். ஆனால், ஆண்டுக்கணக்கில் கொழுந்து கிள்ளியும் கவாத்து வெட்டியும் உழைத்த விரல்களில் ரேகைகள் தேய்ந்துவிடுகின்றன. இலைச்சாற்றின் கறையும் படிகிறது. உழைத்ததற்குச் சான்றான கையே, ‘இவர் இன்னார்’ என்பதற்குச் சான்றாகாமல் போகும் முரண் இது. மேலும், கடவுச்சொல் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரல்ரேகையை மாற்ற முடியாது.

கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல் சிறந்த மாற்றாகலாம். ஆனால், மலை மடிப்புகளில் அலைக்கோபுரத்தின் வீச்சு எட்டாத குடியிருப்புகள் உள்ளன. மழைக்காலத்தில் மண்சரிந்து மின்சாரம் தடைபட்டால் அலைத்தொடர்பும் தடைபடும். சில நிமிடங்களே செல்லத்தக்க எண், காலம் கடந்தபின் வந்து சேர்ந்தால் எவர்க்கும் பயனில்லை. குடும்பத்துக்கு ஒரே கைப்பேசி இருந்து, அதனை மகன் வெளியூருக்கு எடுத்துச் சென்றிருந்தால் தாயின் அடையாளமும் அவனோடு சென்றுவிடுகிறது.

இம்மலைக்கு அடையாளச் சான்றின் அருமை புதிதன்று. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, இலங்கைத் தோட்டங்களில் உழைத்த தமிழர் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டமே, 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்றது. தாம் எந்நாட்டவர் என்பதைத் தாள்களால் மெய்ப்பித்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று இலக்கங்களால் தம்மை மெய்ப்பிக்கின்றனர். சான்று கிடைக்காவிடில் இழப்பது என்ன என்பதை அக்குடும்பங்கள் நன்கு அறியும்.

மறுபுறம், இதே மலையில் கடவுச்சொல் பெருவணிகத்தையும் தாங்குகிறது. குன்னூரில் 1963 முதல் நடைபெறும் தேயிலை ஏலத்தில், முன்பு வணிகர் ஒரே கூடத்தில் அமர்ந்து குரல் கொடுத்து விலை கேட்டனர். இன்று கணினியின்முன் அமர்ந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் இட்டு நுழைந்து விலை கேட்கின்றனர். கேட்பவர் இன்னார் என்பது உறுதியாகாவிடில் ஏலமே பொருளிழக்கும். தூளை விற்கும் வணிகருக்கும் கொழுந்தைக் கிள்ளும் தொழிலாளிக்கும் ஒரே கேள்வியே கேட்கப்படுகிறது. விடை கூறுவதற்கான வசதியோ இருவர்க்கும் ஒன்றன்று.

இவ்வேறுபாட்டைக் குறைக்கும் முயற்சிகளும் நடைபெறாமல் இல்லை. திறன்பேசியும் இணையமும் இல்லாதோர் எளிய கைப்பேசி வழியே பணம் செலுத்துவதற்கான முறையை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. தாய்மொழியில் பேசி வழிகாட்டும் பொறி, ஒரு வழி தடைபட்டால் மற்றொரு வழியைத் திறந்து வைக்கும் அமைப்பு, நம்பகமான உறவினர் ஒருவர்க்கு வரம்புக்குட்பட்ட உரிமையை முறைப்படி வழங்கும் ஏற்பாடு ஆகியன ஆய்வாளர் சிந்திக்கத்தக்க களங்கள். இவை அமைந்தால் தாளில் எழுதிய எண்ணைப் பிறரிடம் நீட்ட வேண்டிய தேவையும் குறையும்.

தெரிந்து தெளிவோம்

பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகப் பயன்படுத்துவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி பிரிவின்படி குற்றமாகும். அதற்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். இணையவழிப் பண மோசடிக்கு உள்ளானோர் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடலாம். பிறரிடமிருந்து பணம் பெறுவதற்கு மறைஎண்ணை உள்ளிட வேண்டியதில்லை. பணம் வரும் எனக் கூறி அதனைக் கேட்பவர் மோசடி செய்பவரே.

பூட்டும் பொறுப்பும்

சீதைக்கு அனுமன் தன்னை மெய்ப்பித்தான்; அனுமன் வழியே இராமனுக்குச் சீதை தன்னை மெய்ப்பித்தாள். நம்பிக்கை இருபுறமும் பாய்ந்தது. இன்றைய அமைப்புகள் பலவற்றில் அது ஒருபுறமே பாய்கிறது. வங்கி நம்மை ‘யார்’ எனக் கேட்கிறது. வங்கியின் பெயரால் தொலைபேசியில் பேசுபவனை ‘நீ யார்’ எனக் கேட்கும் வழி எளியோர்க்கு எட்டவில்லை. ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டு ஏமாற்றுவோர் நுழையும் வாயில் இதுவே.

பயனர்க்கும் கடமை உண்டு. நீளமான, ஊகிக்க இயலாத சொல்லைத் தேர்தல், ஓரிடத்துச் சொல்லை வேறிடத்தில் பயன்படுத்தாமை, எவர் கேட்பினும் மறைஎண்ணைக் கூறாமை ஆகியன அவை. ஆனால், மனித நினைவுக்கும் உழைத்த கைக்கும் மலையின் மழைக்கும் ஒத்துவராத பூட்டைச் செய்துவிட்டு, அது திறவாதபோது பயனரைக் குறைகூறுவது முறையன்று. பூட்டின் வலிமையைக் கள்வனைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது. உரியவர் எளிதாக நுழைய முடிகிறதா என்பதைக் கொண்டும் அளவிட வேண்டும். அறுபதாண்டு ஆய்வு கற்பித்த உண்மை இதுவே.

ஊதிய நாளன்று வரிசையில் நிற்கும் மூதாட்டி, எவர் துணையுமின்றித் தம் பணத்தைத் தாமே எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் நாளில் அவ்வாய்வு முழுமை பெறும். அந்தப் பூட்டைச் செய்பவர் இன்று ஏதேனும் ஒரு வகுப்பறையில் அமர்ந்து இப்பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

கலைச்சொல் அறிவோம்

அடையாள உறுதிப்பாடு – ஒருவர் தம்மை இன்னார் என மெய்ப்பித்தல்
ஒருவழிச் சார்பு – விடையிலிருந்து உள்ளீட்டை மீட்க இயலாத கணிதச் செயல்
உப்பு – கடவுச்சொல்லோடு கலக்கப்படும் குறிப்பின்றித் தேர்ந்த எண்
ஒருமுறைக் கடவுச்சொல் – ஒரே ஒரு முறை மட்டும் செல்லத்தக்க மறைச்சொல்
இருமி – 0 அல்லது 1 என்னும் மதிப்பைக் கொள்ளும் தகவலின் மிகச் சிறிய அலகு
கவாத்து – தேயிலைச் செடியை அளவாக வெட்டிவிடுதல்

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள முதியோர் வங்கிச் சேவையைப் பயன்படுத்துகையில் எதிர்கொள்ளும் இடர்களைக் கேட்டறிந்து, அவற்றுக்கான தீர்வுகளை வகுப்பறையில் கலந்துரையாடுக. (எவருடைய மறைஎண்ணையும் கேட்கக் கூடாது.)
2. தமிழ் இலக்கியங்களில் ஒருவர் தம்மை இன்னார் என மெய்ப்பிக்கும் நிகழ்ச்சிகளைத் தொகுத்து, அவை மூவகை உறுதிப்பாட்டுள் எவ்வகை எனப் பிரித்துக் காட்டுக.
3. ‘ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கூறாதீர்’ என்னும் கருத்தமைய உங்கள் ஊர் மக்களுக்கான விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒன்றை உருவாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கடவுச்சொல்லோடு ‘உப்பு’ கலக்கும் முறையை 1979-இல் விளக்கியோர்
அ) பெல்லோவின், மெரிட் ஆ) மோரிஸ், தாம்சன் இ) கார்பட்டோ, ஷெர் ஈ) நீதம், லாம்போர்ட்

2. கணையாழி – எவ்வகை உறுதிப்பாடு?
அ) அறிந்திருப்பது ஆ) உடலோடு அமைந்தது இ) கையில் வைத்திருப்பது ஈ) இவற்றுள் எதுவுமில்லை

3. பொருத்துக.
க) லாம்போர்ட் – 1) 2012 ஆய்வேடு
ங) போனோ – 2) பிழை பொறுக்கும் முறை
ச) ராகுல் சட்டர்ஜி – 3) சங்கிலி எண் தொடர்
அ) 3, 1, 2 ஆ) 1, 2, 3 இ) 2, 3, 1 ஈ) 3, 2, 1

குறுவினா

1. அடையாள உறுதிப்பாட்டின் மூவகை வழிகள் யாவை?
2. கடவுச்சொல்லைத் தூளாக்கும் ஆலையை மெதுவாக ஓடச் செய்வது ஏன்?
3. தோட்டத் தொழிலாளர்க்கு விரல்ரேகை உறுதிப்பாடு இடர் தருவது ஏன்?

சிறுவினா

1. ஒருவழிச் சார்பைத் தேயிலைத் தொழிற்சாலையோடு ஒப்பிட்டு விளக்குக.
2. போனோவின் ஆய்வு முறையில் வெளிப்படும் ஆய்வறத்தை எடுத்துரைக்க.

நெடுவினா

1. ‘பூட்டின் வலிமையைக் கள்வனைக் கொண்டு மட்டும் அளவிடலாகாது’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.